ஜமக்காளத்தில் உட்கார்ந்த அத்தை

மலையில் எங்கள் ஊரில் யாரும் யாரையும் 'ங்க' போட்டு அழைத்ததில்லை. அப்பாவை 'நீ' என்போம். ஊர்ப்பெரியவரை 'நீ' என்போம். சாமி கும்பிடும்போதும் 'நீதான் பார்த்துக்கணும்' என்றுதான் வேண்டிக்கொள்வோம். சாமி அதற்காகக் கோபித்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் மலையை விட்டு இறங்கும்போது மட்டும் அப்பா பாதி வழியில் நின்று எங்களிடம் சொல்வார்.

"கீழ போனா 'ங்க' போட்டுப் பேசணும். சின்னப் பையனா இருந்தாலும் 'ங்க'தான். மறந்துடாத."

அந்த வருஷம் புளி நன்றாகக் காய்த்து, அதைப் போளூரில் விற்ற காசு அப்பாவின் கையில் இருந்தது. அப்பாவின் கடைசித் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, பக்கத்து ஊரில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. கல்யாணப் புடவை எடுக்கப் போளூருக்குக் கிளம்பினார் அப்பா. வழக்கமாக ஆண்கள்தான் போய் எடுத்து வருவார்கள். எது வருகிறதோ அதைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அத்தை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கட்டிக்கொள்ளப் போவது நான், பார்க்கிற கண் மட்டும் உன்னுடையதா என்று அண்ணனைக் கேட்டாள். அப்பா அவளையும் கிளம்பச் சொன்னார். அத்தை போகிறாள் என்று தெரிந்ததும் நானும் அழுது அடம் பிடித்துச் சேர்ந்துகொண்டேன். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும்.

இறங்கும் வழியில் அப்பா வழக்கம்போல் நின்று 'ங்க' பாடத்தைச் சொன்னார். நான் கேட்டேன்: "நம்பள அவங்க 'ங்க' போட்டுக் கூப்புடுவாங்களா?"

அப்பா காதில் விழாதவர்போல் வேகமாக நடந்தார். அத்தை சிரித்தாள். அவள் சிரித்ததால் நான் ஏதோ கெட்டிக்காரத்தனமாகக் கேட்டுவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அடிவாரத்தில் பஸ் ஏறினோம். முன்பக்கம் சீட்டுகள் காலியாகத்தான் இருந்தன. கண்டக்டர் எங்களைப் பார்த்ததும் "ஏ மலை, பின்னாடி போ" என்றார். அப்பா "சரிங்க" என்று பின்னால் போனார். போளூரில் இறங்கினால் கடைத்தெருவிலும் அதே பேச்சு. மலை, இன்னா வாங்கப் போற? மலை, ஓரமா நில்லு. எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரே பெயர். அப்பாவின் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அவரைக் கூப்பிட்டவர்களில் பாதிப்பேர் அவருக்குப் பிள்ளை வயதில் இருந்தார்கள்.

ஜவுளிக்கடையில் உள்ளே நீளமாக ஜமக்காளம் விரித்திருந்தார்கள். அதில் உட்கார்ந்துதான் எல்லாரும் புடவை பார்ப்பார்கள். மலைக்காரர்களுக்கு மட்டும் வாசற்படி. நாங்கள் படியில் உட்கார்ந்ததுமே, என்ன வேண்டுமென்று கேட்காமலே, கடைப்பையன் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து அவிழ்த்தான். மலையிலிருந்து வருகிறவர்களுக்கென்றே கட்டி வைத்த மூட்டை அது. காப்பிக்கொட்டை நிறம், காய்ந்த ரத்தத்தின் நிறம், வெளுத்துப்போன நீலம்.

"அழுக்கே தெரியாது, எடுத்துக்கோ" என்றான்.

அத்தை அந்த மூட்டையைத் தொடவில்லை. அவள் கண் கடைக்குள்ளே மேல்வரிசையில் இருந்தது. அங்கே மாங்காய்க்கரை போட்ட ஒரு இலைப்பச்சைப் புடவை மடித்து வைத்திருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு எழுந்தாள். வாசலில் கிடந்த சாக்கில் காலை நன்றாகத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய் ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

ஏற்கெனவே அங்கே அடிவாரத்து அம்மா ஒருத்தி மகளோடு உட்கார்ந்து புடவை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தன் முந்தானையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

கல்லாவில் இருந்த முதலாளி நிமிர்ந்தார். "ஏய் மலை, இன்னா உள்ளார வந்துட்ட? வெளிய போய்க் குந்து."

"வெளிய வெயிலா கீது" என்றாள் அத்தை. "அந்தப் பச்சைய எடு."

கடையில் புடவை விரிக்கிற சத்தம் நின்றது.

"எடுவா? யாரப் பாத்து எடுன்ற?"

"நீ என்னைய போ, குந்துன்ற. நானும் அப்படித்தான் சொன்னேன். நீ 'ங்க' போடு, நானும் போட்றேன்."

அவள் சத்தம் போடவில்லை. எங்கள் வீட்டில் உப்பு எடு, தண்ணி எடு என்று சொல்வாளே, அதே குரல். எனக்கு அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை. அதனால் முதலாளியின் முகம் ஏன் அப்படிச் சிவந்தது என்றும் தெரியவில்லை. வாசலில் அப்பா எழுந்து நின்று கைகளைக் கூப்பிக்கொண்டிருந்தார். "சின்னப் பொண்ணுங்க. தெரியாம பேசிடுச்சுங்க. மன்னிச்சுக்குங்க மொதலாளி." பிறகு அத்தையிடம், "எழுந்து வா. வந்துடு" என்றார். அந்தக் குரல் அதட்டலா கெஞ்சலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அத்தை வரவில்லை. நான்தான் உள்ளே போனேன். தனியாக உட்கார்ந்திருக்கிறாளே என்று அவளை ஒட்டி உட்கார்ந்தேன். ஜமக்காளம் குளிர்ச்சியாக இருந்தது.

"உனக்கு எதுக்கு அந்தப் பொடவை? கொல்லையில கட்டினு களை எடுக்கவா?" என்றார் முதலாளி.

"களை எடுக்கத்தான். நான் எத கட்டினு களை எடுத்தா உனக்கு இன்னா?"

எனக்குத் தாகம். மூலையில் பானையும் மேலே பித்தளை டம்ளரும் இருந்தன. அந்த அம்மாவின் மகள் சற்று முன்பு அதில்தான் குடித்தாள். நான் கடைப்பையனிடம் தண்ணீர் கேட்டேன். 'ங்க' போட்டுத்தான் கேட்டேன். அப்பா சொன்னது எனக்கு மறக்கவில்லை. பையன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி, "கையை ஏந்தச் சொல்லு, மேல இருந்து ஊத்து" என்றார்.

நான் கைகளைச் சேர்த்து ஏந்தினேன். அத்தை என் இரண்டு கைகளையும் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"டம்ளர்ல குடு."

பையன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். முதலாளி தலையசைக்கவில்லை. அவன் டம்ளரைத் திரும்பப் பானைமேல் கவிழ்த்தான். என் கைகள் அத்தையின் மடியில் அவள் பிடிக்குள்ளேயே இருந்தன. வலிக்கும் அளவுக்குப் பிடித்திருந்தாள். நான் அழ ஆரம்பித்தேன்.

அடிவாரத்து அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். எங்களையும் பார்க்கவில்லை, முதலாளியையும் பார்க்கவில்லை. விரித்த புடவைகள் விரித்தபடி கிடந்தன.

"பாத்தியா? உன்னால என் யாவாரம் போவுது."

"அப்ப சீக்கிரமா எடுத்துக் குடு. நானும் போறேன்."

வாசலில் ஆள் கூடத் தொடங்கியது. அவளைத் தூக்கி வெளியே விடச் சொல்லிக் கடைப்பையன்களைப் பார்த்துக் கத்தினார் முதலாளி. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, யாரும் கிட்டே வரவில்லை. கடைசியில் அவரே எழுந்தார். ஸ்டூலில் ஏறி அந்தப் பச்சைப் புடவையை உருவி எடுத்தார். ஜமக்காளத்தின் மறுகோடியில் நின்றபடியே அதை அத்தையை நோக்கி வீசினார். அது அவள் முழங்காலுக்கு முன்னால் மடிப்புக் கலைந்து விழுந்தது.

"எடுத்துனு போ. தொலை."

கிட்டத்தில் அது இன்னும் அழகாக இருந்தது. கரையில் இருந்த மாங்காய் ஒவ்வொன்றுக்குள்ளும் பொடிப் பொடியாக மஞ்சள் புள்ளிகள். அத்தை அதைக் குனிந்து பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். தொடவில்லை.

"வீசினத எடுக்க மாட்டேன். கையில குடு."

அவர் அசையவில்லை. அத்தை எழுந்து, என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தப் புடவையை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தாள். கூட்டம் ஒதுங்கி வழி விட்டது.

நான் தெரு முழுக்க அழுதேன். கேட்ட புடவை கைக்கெட்டும் தூரத்தில் வந்து விழுந்ததே, அதை ஏன் விட்டுவிட்டு வந்தாள் என்று எனக்குப் புரியவே இல்லை. அப்பா அடுத்த கடைக்குக்கூடப் போகவில்லை. நேரே பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். அத்தை கல்யாணத்துக்குக் கட்டியது என் அம்மாவின் பழைய கல்யாணப் புடவையை. ஊரில் சிலர் அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். அவள் மறுக்கவில்லை.

நான் இப்போது அதே போளூரில் நர்ஸாக இருக்கிறேன். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரம்மா உட்கார வைத்துக் காப்பி கொடுக்கிறாள். சொந்த ஊர் கேட்கிறாள். சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள். பிறகு, "மலையா? பாத்தா தெரியவே இல்லையே! எவ்ளோ சுத்தமா இருக்கீங்க" என்கிறாள். பாராட்டுகிறாளாம். 'ங்க' வந்துவிட்டது. அதற்கு உள்ளே இருந்தது எங்கேயும் போகவில்லை. "மலையில எல்லாரும் இப்படித்தாங்க இருக்கோம். நீங்கதான் வந்து பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டுக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வருகிறேன். வேறு வீடு தேடுகிறேன். அந்த வீட்டிலும் கேட்பார்கள். அங்கேயும் சொல்வேன்.

அன்றைக்குக் கைகூப்பி நின்றதற்காக அப்பாமேல் எனக்குப் பல வருஷம் கோபம் இருந்தது. அத்தைக்குத் தைரியம், அப்பாவுக்குப் பயம் என்று எனக்குள் கணக்குத் தீர்ந்துபோயிருந்தது. கல்யாணம் முடிந்த பிறகு அவர் புளி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு போளூர்ப் பக்கம் இறங்கவில்லை. எதிர்ப்பக்கம் மலையேறி, அந்தப் புறமாக இறங்கிச் செங்கத்துக்குப் போனார். விடியுமுன் கிளம்பினால் பொழுது சாய்ந்து வருவார். எதற்காக அவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"அந்தப் பாதை நல்லா கீது" என்றார்.

நான் நம்பினேன். ஒரு முறை கூடவே போனேன். பாதை முழுக்க வழுக்குப்பாறை. அப்பா மூட்டையோடு பக்கவாட்டில் திரும்பித் திரும்பி இறங்கினார். செங்கத்திலும் யாரும் அவரை 'வாங்க' என்று கூப்பிடவில்லை. ஆனாலும் அவர் உடம்பில் தெம்பு இருந்தவரைக்கும் அங்கேதான் போனார். தங்கைமேல் புடவையை வீசிய ஊருக்கு ஒரு புளியங்கொட்டையைக்கூட அவர் மறுபடி கொண்டுபோகவில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நான் அவருக்குப் பின்னால், கால் வலிக்கிறது, கால் வலிக்கிறது என்று சிணுங்கிக்கொண்டே நடந்தேன்.