பேச்சியம்மாள் டீச்சரின் தலைசுற்றல்

1. கரும்பலகையோடு சரிந்தவர்

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உதவி டாக்டராகச் சேர்ந்தேன். சேர்ந்த வாரமே பேச்சியம்மாள் டீச்சரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். பூகோளப் பாடம் நடத்தும்போது கரும்பலகையைப் பிடித்தபடியே சரிந்துவிட்டாராம். ஓயாத வாந்தி, இடது காதில் இரைச்சல், கண்விழிகள் ஒரு பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன. உள்காதில் வரும் மெனியர்ஸ் நோய். எனக்குச் சந்தேகமே இல்லை.

கூட வந்த பள்ளி மேனேஜருக்கும் சந்தேகம் இல்லை. "மூள கலங்கிப் போச்சு டாக்டரம்மா. கலியாணம் ஆகாத பொம்பள, வேற என்ன? இவள நம்பிப் பிள்ளைகள விட முடியுமா? குத்தால சீசன் முடியுததுக்குள்ள பூரண குணம்னு சர்டிபிகேட் வரணும். இல்லன்னா வேற டீச்சரப் போட்டுருவேன்" என்றார்.

படுக்கையிலிருந்து குரல் வந்தது. "பூமி சுத்துதுன்னு வருசம் பூரா சொல்லிக் குடுக்கேன். இன்னைக்கு அது எனக்குத் தெரிஞ்சிருச்சு, அவ்வளவுதான். அதுக்குப் போயி மூள கலங்கிருச்சுங்கிய?"

வாந்திக்கு நடுவிலும் வாய் குறையாத மனுஷி. எனக்கு அப்போதே பிடித்துப் போயிற்று.

2. மருந்து பாதி, அருவி பாதி

ஆஸ்பத்திரி பெரிய டாக்டருடையது. தலைசுற்றல் என்று யார் வந்தாலும் அவர் பீனோபார்பிடோன்தான் கொடுப்பார். அது தூக்க மருந்து. டீச்சர் பகலெல்லாம் தூங்கினார். "பாத்தியாம்மா, சுத்தலே இல்ல" என்றார் பெரிய டாக்டர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தூங்குதவளுக்கு எது சார் சுத்தும்? அவங்க நின்னு பாடம் நடத்தணும்" என்றேன்.

"வந்த வாரமே வாய் நீளுதே" என்றார். நீளட்டும் என்று நானும் டீச்சரை வீட்டுக்கு அனுப்பி, மருந்தை மாற்றினேன்.

காதுக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டும் என்று நிகோடினிக் ஆசிட் கொடுத்தேன். அது உள்ளே போனால் முகம் சிவந்து எரியும். எரிகிற மருந்துதான் வேலை செய்யும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை; டீச்சருக்கு அதன்மேல் ஒரே பிரியம். ஆனால் அட்டாக் குறையவில்லை. அடுத்தது டைமென்ஹைட்ரினேட். அது வந்த வாந்தியை அடக்கியது, அடுத்த அட்டாக்கைத் தடுக்கவில்லை. கூடவே, உள்காதில் நீர் கோக்காமலிருக்க உப்பைக் குறைக்கச் சொன்னேன். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. கருவாட்ட விட்டுட்டு நான் உயிரோட இருந்து என்ன செய்ய?" என்று சண்டை பிடித்தார். ஆனாலும் விட்டார்.

எந்த மருந்து கொடுத்தாலும் காலையில் மட்டும் தவறாமல் தலைசுற்றியது. எனக்கு மண்டை காய்ந்தது. "காலைல எந்திரிச்சு என்னதான் செய்யுதிய?" என்று கேட்டேன்.

"குத்தாலத்துக்குப் போயி குளிப்பேன். மருந்து பாதி, அருவி பாதி. பித்தம் இறங்கணும்லா?"

மறுநாள் நானும் போனேன். நல்ல சாரல். டீச்சர் தலை நிறைய எண்ணெயோடு அருவிக்குள் நுழைந்து, இடது காதைத் தண்ணீருக்கு நேராகக் கொடுத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில், குளிப்பவர்கள் பிடித்துக்கொள்ள நட்டிருந்த கம்பியைக் கட்டிப்பிடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏட்டி கூறுகெட்டவளே, வெளிய வா!" நான் டாக்டர் என்பதே மறந்துபோய்க் கத்திவிட்டேன்.

"நீங்கதான காதுல நோய்னிய? அதான் அந்தக் காதக் காட்டுதேன்" என்றார், கண்ணைத் திறக்காமலே.

குளிர்ந்த தண்ணீரைக் காதுக்குள் விட்டால் நோயில்லாதவருக்கே தலை சுற்றும். காது டாக்டர்கள் சோதனைக்கென்றே அப்படிச் செய்வார்கள். நாங்கள் மருந்தை மாற்றி மாற்றி ஒப்பிட்டுக்கொண்டிருக்க, அருவி தினமும் அந்தச் சோதனையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. அருவிக் குளியலை நிறுத்தியதும் காலைச் சுற்றல் நின்றது.

3. பூரண குணம்

ஆனால் நிஜமான அட்டாக் இடையிடையே வரத்தான் செய்தது. இந்த நோய் தானாக வரும், தானாகப் போகும். போகிற நேரத்தில் கொடுத்த மாத்திரை பேர் வாங்கிக்கொள்ளும். டைமென்ஹைட்ரினேட் போட்டால் வாந்தியில்லாமல் உட்கார முடிந்தது. என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

"பூரண குணம்னு எழுது, இல்ல லாயக்கில்லன்னு எழுது. நடுவுல என்ன எழவு?" என்றார் பெரிய டாக்டர். 'மூளை தெளிவு. நோய் காதில். இனியும் வரலாம். வந்தால் உட்கார வேண்டும். பாடம் நடத்தத் தகுதியானவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வேலை போனால் போகட்டும் என்றுதான் போட்டேன்.

மூட்டுவலிக்கு எங்களிடம் மாத்திரை வாங்கும் மேனேஜர் ஒப்பவில்லை. "உங்களுக்கு மூட்டுவலின்னு மேனேஜர் பதவிய விட்டுட்டியளா?" என்று கேட்டேன். "அப்ப வாங்க, வகுப்புலயே பாத்திருவோம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

இப்போது மருந்து எழுதும் இளம் டாக்டர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எந்த மருந்து நல்லது என்று கேட்பதற்கு முன்னால், இந்த ஆள் எழுந்து எந்த வேலைக்குப் போகவேண்டும் என்று கேளுங்கள். அன்று வகுப்பில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

பாதிப் பாடத்தில் அட்டாக் வந்துவிட்டது. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். மாத்திரையை விழுங்கினார். இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். "எழுதுங்க பிள்ளைகளா. சிற்றாறு குற்றால மலையில உற்பத்தியாகித் தாமிரபரணியில கலக்குது." பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதினார்கள்.

கடைசி பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்த மேனேஜர் எழுந்து கரும்பலகை அருகே போனார். "இப்பவும் சுத்துதா?"

"சுத்துது. உங்களையும் சேர்த்துத்தான் சுத்துது" என்றார் டீச்சர். "கொஞ்சம் போயி உக்காருங்க அண்ணாச்சி. பிள்ளைகளுக்குப் போர்டு மறைக்குது."

மேனேஜர் போய் உட்கார்ந்தார்.