சண்டை போடாத மீன்கள்

செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் கடல்மீன் தொட்டி இருக்கிறது. வளர்ப்பது என் கணவர், வேடிக்கை பார்ப்பது நான். அதிலுள்ள நீல மீன், விரல் நீளம்கூட இல்லாவிட்டாலும், தன் கல் பக்கம் வரும் இரண்டு கோமாளி மீன்களையும் கடித்துத் துரத்தும்.

போன மாதம் ஒருநாள் காலையில் பார்த்தால், மூன்றும் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன.

"ராசியாயிடுச்சு போல," என்றார் கணவர், தொட்டிக்குள் தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரைக் கழுவ எடுப்பதற்காகச் சட்டைக் கையை மடித்தபடி.

எனக்கு மனசு கேட்கவில்லை. "தண்ணிக்குள்ள கையை விடாதீங்க. அந்த நீலம் பயப்படாம இப்படி நிக்காது. முதல்ல சுவிட்சை ஆஃப் பண்ணுங்க."

முணுமுணுத்துக்கொண்டே அணைத்தார். சற்று நேரத்தில் நீல மீன் மற்ற இரண்டையும் விரட்ட ஆரம்பித்தது. மோட்டாரை வெளியே எடுத்தால், ஒயரின் மேலுறை வெடித்துச் செம்புக் கம்பி தெரிந்தது. உப்புத் தண்ணீரில் கரண்ட் இறங்கியிருக்கிறது. அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது புது மோட்டார் போட்டிருக்கிறோம். பிளக்கைப் பிடுங்காமல் தொட்டியில் கை வைப்பதே இல்லை. பிடுங்கிய பிறகும், சமையலறையில் இருக்கும் என்னைக் கூப்பிட்டு, "வந்து பாரேன், சரியா சண்டை போடுதுங்களா?" என்று கேட்டுக்கொள்கிறார்.