கூடை நிறைய நூடில்ஸ்

அட்டன் டவுனில் கடைகளுக்குப் போர்டு எழுதுகிற ஒல்லியான மனிதர் அவர். பிரஷ்ஷைத் துணியில் துடைக்கமாட்டார். சட்டைப் பையில்தான் துடைப்பார். அந்தப் பை மட்டும் பல நிறத்தில் விறைத்து நிற்கும்.

எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையின் உணவுக் கண்காட்சிக்கு அவர் கேலிப் படங்கள் வரைந்து மாட்டினார். ஒன்றில், கல்யாணப் பந்தியின் வாழையிலையில் பர்கர். இன்னொன்றில், கொழுந்துக் கூடை நிறைய நூடில்ஸ் பாக்கெட்டுகளோடு ஒரு பெண்.

விருந்தினராக வந்த அதிகாரி படத்திலிருந்த அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். "குரக்கன் ரொட்டி சுட்டுத் தின்ன சனம். இப்ப பொம்பளைங்களுக்குச் சோம்பேறித்தனம்" என்றார். ஆசிரியர்கள் நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

"சோம்பேறியாங்க?" என்றார் போர்டு எழுதுகிறவர். "காலைல ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்கு அஞ்சு நிமிஷம் பிந்துனா, பேர் போடாம திருப்பி அனுப்புறாங்க. அதுக்குள்ள புள்ளைய மடுவத்து ஆயாகிட்ட விட்டுட்டு ஓடணும். அவ எப்பங்க ரொட்டி சுடுறது? நான் அவளக் கேலி பண்ணலீங்க. அந்த நூடில்ஸ அவ கூடைல போட்டவங்களத்தான்."

பிறகு கறுப்புப் பெயின்ட்டை எடுத்து அந்தப் பெண்ணை முழுதாக அழித்தார். கூடையும் பாக்கெட்டுகளும் மட்டும் மிஞ்சின. பிரஷ்ஷைச் சட்டைப் பையில் துடைத்துக்கொண்டே, "இப்ப சிரிங்க" என்றார்.



அன்று நானும் சிரித்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. எனக்குப் பெரட்டு கிடையாது, மலையேறும் வேலையும் கிடையாது. அன்று பகல் சாப்பாட்டுக்கு என் கைப்பையில் இருந்ததும் அதே நூடில்ஸ்தான். என்னை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை.