கட்டில் வேண்டாம் என்ற சம்பந்தி

கொரோனா முடிந்து பனியன் கம்பெனிகள் பழையபடி ஓட ஆரம்பித்த சமயம். திருப்பூரில் ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில், தைத்த பனியனில் ஓட்டை, கறை பார்க்கும் செக்கிங் வேலையில் இருந்தேன். இப்போதும் அதே வேலைதான், கம்பெனி மட்டும் வேறு. நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் இறந்து அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள். அவளுக்கு ஒரு இடம் அமைந்தது. எங்களைப் போலவே தெற்கேயிருந்து பிழைக்க வந்த குடும்பம். பையன் டெய்லர். பூ வைத்துப் பேசி முடித்ததிலிருந்து இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். வேலை விட்டு வரும்போது மகள் முகத்தில் அசதியே தெரியாது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு முகத்தைப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

சீர் பேசுகிற அன்று பையனின் அம்மா சொன்னார்: "மதினி, கட்டில் மட்டும் வாங்கிராதீங்க. எங்க வீட்ல யாரும் கட்டில்ல படுக்கிறதில்ல. பீரோ போதும்."

எனக்கு ஒரு பாரம் குறைந்தது. மறுநாள் கம்பெனியில் சொன்னேன். பக்கத்தில் நின்று பீஸ் பார்க்கும் வெள்ளகோவில்காரம்மா வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க்கா, கட்டில் வேண்டாங்கற சம்பந்தி எந்தக் கடையிலீங்க கெடைக்கறாங்க? எனக்கும் மூணு பொட்டப் புள்ளைங்க இருக்குதுங்க. வெலாசம் குடுங்க."

நானும் சிரித்தேன். நல்ல மனுஷர்கள் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஒன்றுதான் பாக்கி இருந்தது. பத்திரிகை அடித்ததும் முதல் பத்திரிகையைக் குலசாமிக்கு வைக்க வேண்டும். கல்யாணமான பெண்ணுக்குப் புருஷன் வீட்டுச் சாமிதான் சாமி. அது எது என்று எனக்குத் தெரியாது. என் மாமனார் சின்ன வயதில் அண்ணன்மாரோடு சண்டை போட்டுக்கொண்டு ஊரைவிட்டு வந்தவர். சாகும்வரை ஊர்ப் பேரை வாயில் எடுக்கவில்லை. அதனால் என் வீட்டுக்காரருக்கும் தெரியாது.

பையன் வீட்டில் முதலிலேயே கேட்டார்கள். தெரியாது என்றேன். "விசாரிச்சு வைங்க மதினி" என்று விட்டுவிட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே குலசாமி என்றால் பங்காளிகள். பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை ஆகிவிடும், கட்டக் கூடாது. எங்களுக்கு அது தெரியும். ஆனாலும் இத்தனை ஊர் ஜனம் வந்து கிடக்கிற திருப்பூரில் அப்படி நடக்கும் என்று யார் நினைப்பார்கள்?

மகள்தான் என்னை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டாள். பூர்வீகம் தேடுகிறவர்களின் குழு. வேலை ஓய்ந்தவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். தாத்தா, அவருடைய தாத்தா என்று பேர் எழுதி, மரம் மாதிரிப் படம் வரைந்து அனுப்புவார்கள். எனக்கு மாமனாருக்கு மேல் ஒரு பேர் தெரியாது. போனில் எழுத்தடிக்கவும் வராது. பேசி அனுப்புவேன். சாப்பாட்டு நேரத்தில் பதிலைக் கேட்பேன்.

அதில் மதுரைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். ஊர் ஊராகப் போய் இதையே விசாரிப்பவர். "ஊர் தெரியாட்டி போகுதும்மா. உங்க வீட்டுக்காரர் எதைச் செய்யமாட்டாரு? எதை ஒதுக்குவாரு? அதைச் சொல்லுங்க, அதுல பிடிச்சிரலாம்" என்றார்.

என் வீட்டுக்காரர் கட்டிலில் படுக்க மாட்டார் என்று சொல்லி அனுப்பினேன். அவர் அப்பா படுக்க மாட்டாராம், இவரும் படுக்க மாட்டார். கடைசியில் ஆஸ்பத்திரியில்கூட இறங்கி இறங்கித் தரையில் படுத்தார். நர்ஸ் சத்தம் போட்டார்கள்.

அனுப்பிய பிறகுதான் நான் சொன்னது எனக்கே காதில் விழுந்தது. சம்பந்தி சொன்னதும் அதேதான். சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பெரியவர் விசாரித்துவிட்டுப் பதில் போட்டார். தெற்கே ஒரு கண்மாய்க் கரையில் கோயிலாம். சாமி தரையில் படுத்திருக்குமாம். சாமியைவிட உயரத்தில் படுக்கக் கூடாது என்று அந்த வம்சத்தில் யாரும் கட்டில் ஏறுவதில்லையாம். வேறு ஆட்களுக்கு அந்த வழக்கமும் இல்லை, அந்தக் கோயிலும் இல்லை. கடைசியில் சொன்னார்: "உங்க மாமனார் பேரைச் சொன்னதும் அங்க ஒரு பெரியாள் அழுதுட்டாரும்மா. கிடா வெட்டிப் பங்கு வைக்கிறப்ப, போன தம்பி பங்குன்னு வருஷா வருஷம் ஒண்ணு தனியா எடுத்து வைக்கிறாங்களாம்."

குழுவில் எல்லோரும் பூ போட்டார்கள், கை தட்டினார்கள். வாழ்த்துகள் சகோதரி என்று எங்கெங்கிருந்தோ வந்தது. நான் போனை அணைத்து வைத்தேன்.

பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. அது நாங்கள் இல்லை, பேர் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். கல்யாணம் நடந்துவிடும். அந்த வாரம் ஓட்டை விழுந்த பீஸை எல்லாம் நல்லது என்று தள்ளிவிட்டு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

ஆனால் என் வீட்டுக்காரர் செத்த அன்று பங்காளி என்று வந்து நிற்க ஒருத்தர் இல்லை. எடுத்துப்போட்டுச் செய்தது ஒட்டி ஒட்டிக் குடியிருந்த லைன் வீட்டு ஆட்கள்தான். எங்கோ ஒரு ஊரில் அவருக்கென்று பங்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்களை யாரோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா மட்டும் இருந்தார். "வாங்க மதினி, பத்திரிகை மாதிரி பார்க்க வந்தீங்களா?" என்று காபி போட்டுக் கொடுத்தார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற யாருக்கு மதினி தெரியும்?"

"கோயில் கிடைச்சது குழுவுக்குத் தெரியும். ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணுன்னு யாருக்கும் தெரியாது."

"நாம ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டா?"

அதைத்தான் அந்த வாரம் முழுக்க நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரே எழுந்து டிவியை நிறுத்தினார். முந்தானையில் முகத்தைத் துடைத்தார்.

"கோயில்ல என் வீட்டுக்காரர் நிக்கிற வரிசையிலதான உங்க வீட்டுக்காரரும் நின்னிருக்கணும். எப்படிக் கட்டி வைக்க?" என்றார். அப்புறம் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "காபி ஆறுது. குடிங்க அக்கா."

ஒரே வம்சத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள் அக்கா தங்கை முறை. அதுவரை சம்பந்தி முறையில் மதினி என்றவர் அக்கா என்றார். கல்யாணம் அத்தோடு நின்றது. காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

மகளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "அப்பாவுக்கே தெரியாத சாமிம்மா. நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்ல" என்றாள். மறுநாள் வேலைக்குப் போனாள். வந்தாள். போன் மட்டும் பேசவில்லை. பையன் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

மாசித் திருவிழாவுக்குக் கோயிலுக்குப் போனேன். மகள் வரவில்லை. என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எங்கள் பங்கைக் கொடுத்தார்கள். அந்தப் பையனும் வந்திருந்தான். ஆண்களோடு தள்ளி நின்றான். கிளம்பும்போது என் பையை வாங்கி பஸ் வரை தூக்கி வந்தான். "வர்றேன் பெரியம்மா" என்றான்.

மகளுக்கு அப்புறம் உடுமலைப்பேட்டைப் பக்கம் இடம் அமைந்தது. ஒரு குழந்தை இருக்கிறது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்பாள். அதற்கு மேல் நானும் கேட்பதில்லை.

எனக்கு ஒன்று என்றால் சொல்லி அனுப்ப இன்று ஒரு ஊர் இருக்கிறது, வந்து தூக்க ஆட்கள் இருக்கிறார்கள். கிடைத்தது எனக்கு, இழந்தது என் மகள் என்பதை மட்டும் ஒரு நாளும் மறக்க முடியவில்லை.