அவர் இறந்த இடம்

எனக்குக் கோவம் சட்டுனு வரும். ஷூ ஃபேக்டரியில என் லைன்ல மெஷின் மிதிக்கிற அத்தனை பேருக்கும் அது தெரியும். சூப்பர்வைசரே என் மூஞ்சியை ஒரு தடவ பாத்துட்டுதான் பக்கத்துல வருவாரு. கோவம் வந்தா கத்திட்டு அடுத்த வேலைய பாத்துடுவேன். ஆனா பயம் வந்தா இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியாது. அந்த ஆவணி மாசம் பூரா நான் பயந்துகிட்டேதான் இருந்தேன்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் செத்து நாலஞ்சு வருஷம் கழிச்சு எனக்கு இன்னொரு கல்யாணம் கூடி வந்துச்சு. அவரு எங்க ஃபேக்டரியிலயே கட்டிங்ல இருக்காரு. அவருக்கும் சம்சாரம் தவறிட்டாங்க. மேளம், பந்தல்னு ஒண்ணும் வேணாம், ஆவணி முடியறதுக்குள்ள ஆபீஸ்ல பதிவு பண்ணிக்கலாம், புரட்டாசி பொறந்துட்டா எங்க ஜனங்க எதுக்கும் கை வெக்க மாட்டாங்கன்னு பேசி முடிச்சோம். பதிவு ஆபீஸ்ல விசாரிச்சா, ரெண்டு பேரோட இறப்புச் சான்றும் கேட்டாங்க. அவரு தன் சம்சாரத்தோடத லேமினேஷன் போட்டு பத்திரமா வெச்சிருந்தாரு. என் கையில ஒண்ணும் இல்ல.

எப்பிடி இருக்கும்? என் வீட்டுக்காரர் தோல் ஷாப்ல தினக்கூலிக்கு லோடு ஏத்தினவரு. பி.எஃப். கிடையாது, பட்டா கிடையாது, பேங்க்ல கணக்கு கிடையாது. விட்டுட்டுப் போக ஒண்ணும் இல்லாதவன் செத்தானா இல்லையான்னு அத்தாட்சி யார் கேக்கப் போறாங்க? ரேஷன் கார்டுல கூட அவரு பேரு அப்படியேதான் இருந்துச்சு. செத்தவருக்கும் சேத்து அரிசி வாங்கித் தின்னுகிட்டு இருந்தோம், கண்றாவி.

"சரி, வாங்கிட்டா போச்சு"ன்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள என்னைக் கட்டிக்கப் போறவரோட அக்கா காதுல விஷயம் விழுந்துடுச்சு. அந்தம்மா கேட்டாங்களாம்: "அவ புருசன் நெசமாவே செத்துட்டானா, இல்ல எங்கனா ஓடிப்போய்ட்டானா? நாளைக்கு வந்து வாசல்ல நின்னா நம்ம கதி இன்னா?" அவரு இதைச் சொல்லிட்டு என் மூஞ்சியப் பாக்காம செருப்பப் பாத்துகிட்டு நின்னாரு. "நான் நம்பறேன். அக்காவுக்கு ஒரு காகிதம் காட்டிட்டா பேச்சே இருக்காது"ன்னாரு. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. எரிஞ்சு அடங்கினதும் பயம் வந்து குந்திக்கிச்சு.

வீட்ல அத்தைகிட்ட இதெல்லாம் நான் சொல்லல. அத்தைன்னா என் வீட்டுக்காரரைப் பெத்தவங்க. எனக்குத் தாய் தகப்பன் இல்ல, அதுக்கு வேற புள்ள இல்ல. அவரு போனப்புறம் கணியம்பாடிக்கு அப்பால இருந்த ஊரை விட்டுட்டு ரெண்டு பேரும் ஆம்பூருக்கு வந்து வாடகை வீட்ல இருந்தோம். நான் வேலைக்குப் போனா அது சமைச்சு வெக்கும். ரெண்டு பேரும் சண்ட போட்டுக்குவோம், சீரியல் பாப்போம், மறுபடி சண்ட போட்டுக்குவோம். அதுகிட்ட போய் "நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்"னு எந்த வாயால சொல்றது? ஃபேக்டரியில ஏதோ நாமினி மாத்தணுமாம், சான்று கேக்கறாங்கன்னு புளுகினேன்.

மொதல்ல இ-சேவை மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர்ல இருந்த பொண்ணு தேதி, பேரு, ஊரு எல்லாம் தட்டிச்சு. "பதிவு இல்லைன்னு வருதுக்கா"ன்னுச்சு. தப்பா தட்டியிருக்கும்னு மறுபடி தட்டச் சொன்னேன். மறுபடியும் அதேதான்.

அப்புறம் வேலூர்ல என் வீட்டுக்காரரைச் சேத்திருந்த பெரிய ஆஸ்பத்திரி. இனிமே எங்க கையில ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு அவங்க கை விரிச்ச நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. கவுன்ட்டர்ல இருந்தவரு தேடிப் பாத்துட்டு, "இங்க அவரு சாகலம்மா. உயிரோடதான் போயிருக்காரு"ன்னாரு. அவரு சரியாத்தான் சொன்னாரு. ஆனா அந்த 'உயிரோட'ங்கிற வார்த்தையவே மனசுக்குள்ள திருப்பித் திருப்பி சொல்லிக்கினு வெளிய வந்தேன்.

லீவு போட்டுட்டு ஊருக்குப் போனேன். விஏஓ புதுசா வந்தவரு, பொறுமையான மனுசன். பழைய பதிவெல்லாம் பாத்தாரு. "நம்ம ஊர்ல அன்னிக்கு சாவே பதிவாகலயேம்மா"ன்னு சொல்லிட்டாரு. திரும்பி வர்ற பஸ்ல எனக்குப் பைத்தியம் புடிக்காத குறைதான். ஆஸ்பத்திரியில சாகல, ஊர்ல சாகல, கம்ப்யூட்டர்லயும் சாகல. வேலூர் பஸ் ஸ்டாண்டுல என் வீட்டுக்காரரு மாதிரியே நீலச் சட்டை போட்டுக்கினு ஒருத்தர் ஏறினாரு. நான் எட்டி அவரு மூஞ்சியப் பாத்தேன். சத்தியமா பாத்தேன். எரிச்ச சாம்பலைக் கரைச்ச பின்னாடியும் எனக்கு அப்பிடி ஒரு சந்தேகம் வந்துடுச்சுன்னா பாத்துக்கங்க.

விஏஓ ஒரு வழியும் சொல்லியிருந்தாரு. பதிவு இல்லைன்னு ஒரு சான்று வாங்கி, கோட்டாட்சியர் ஆபீஸ்ல மனு குடுக்கணும். விசாரிப்பாங்க. அவரு வீட்லதான் இறந்தாருன்னு கண்ணால பாத்தவங்க எழுதிக் குடுக்கணும். "பெத்த தாய் இருக்காங்கல்ல? அவங்க மொதல் சாட்சியா கைநாட்டு வெக்கட்டும். மீதிய பாத்துக்கலாம்"ன்னாரு.

அதுல எனக்குப் பாதி உசுரு வந்துச்சு. ஏன்னா கண்ணால பாத்தவளே நான்தான். அவரு செத்த அன்னிக்குக் காலையில நான் துணி தொவைக்க வீட்டுக்கு வந்திருந்தேன். ஆஸ்பத்திரியில அத்தைதான் கூட இருந்துச்சு. மத்தியானம் ஆம்புலன்ஸ் தெருவுக்குள்ள நுழையுது, அவரு மூஞ்சியில மாஸ்க் கட்டியிருக்குது, அத்தை பக்கத்துல குந்திக்கினு காத்து அடிக்கிற பையை அமுக்கிக்கினே, "உசுரு கீது, வழி விடுங்க, உசுரு கீது"ன்னு கத்துது. கூடத்துல பாய் போட்டுப் படுக்க வெச்சாங்க. "சீக்கிரம் பால ஊத்துடி, போவப் போறான்"ன்னுச்சு. நான் ஸ்பூன்ல ஊத்தினேன். கடைவாயில வழிஞ்சுது. அத்தை மூக்குல கை வெச்சுப் பாத்துட்டு மார்ல அடிச்சுக்கிச்சு. உனக்காக உசுரைப் புடிச்சுக்கினு வந்தான்டி, உன் கையால பால் குடிச்சுட்டுதான் போனான்டின்னு ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தையிலதான் நான் இத்தனை வருஷம் ஓட்டினேன். எனக்காகக் காத்திருந்தாரே, அது போதும்னு இருந்தேன்.

வீட்டுக்கு வந்து அத்தைகிட்ட கைநாட்டு விஷயத்தைச் சொன்னேன். அது பூண்டு உரிச்சுக்கினு இருந்துச்சு. தலையக் கூட தூக்கல.

"நான் வெக்க மாட்டேன்."

"ஏன்?"

"வெக்க மாட்டேன்னா வெக்க மாட்டேன். அந்த நாமினியும் வேணாம், ஒண்ணும் வேணாம். சும்மா கிட."

கெஞ்சினேன். அதட்டினேன். ஒரு மைல்கல்லு மாதிரி குந்தியிருந்துச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், பூண்டுத் தட்டைத் தட்டி விட்டுட்டேன். "உனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு, அதான் இப்பிடிப் பண்றே. நான் வேற கல்யாணம் பண்ணிக்கிறது உனக்குப் புடிக்கல. நான் கடைசி வரைக்கும் உனக்குக் காவல் கெடக்கணும், அதான?"ன்னு கத்திட்டேன். கத்தினப்புறம்தான் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். ஐயோ, சொல்லிட்டனே!

அத்தை கீழ செதறின பூண்டை ஒவ்வொண்ணா பொறுக்கிச்சு. "ரெண்டு மாசமா ஃபேக்டரிக்குப் போவசொல்ல கண்ணாடி முன்னாடி இன்னா நிப்பு நிக்கிறே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கினு கீறியா? நாமினியாம், நாமினி"ன்னுச்சு. தட்டை அடுப்புப் பக்கம் வெச்சுட்டுப் போய் படுத்துடுச்சு. சாப்பிடவும் இல்ல.

ரெண்டு நாள் வீட்ல ஒரு சத்தம் இல்ல. நான் மெஷின்ல தையலை விட்டதுல ரெண்டு ஜோடி ரிஜெக்ட் ஆச்சு. ஆவணி கரைஞ்சுகிட்டே இருந்துச்சு. கட்டிக்கப் போறவரு ஒண்ணும் கேக்கல. கேக்காததே எனக்கு இன்னும் பேஜாரா இருந்துச்சு. எங்க, அக்கா பேச்சைக் கேட்டு ஒதுங்கிடுவாரோன்னு கேன்டீன்ல அவரு வர்ற வழியவே பாத்துகிட்டு இருப்பேன்.

ஞாயித்துக்கெழமை மத்தியானம் அத்தை தானாவே வந்து என் எதிர்ல குந்திச்சு.

"அவன் வீட்ல சாவலடி."

எனக்குப் புரியல.

"கணியம்பாடி தாண்டசொல்ல மூச்சு இழுக்க ஆரம்பிச்சுடுச்சு. டிரைவர் அங்கயே ரோட்டோரமா இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குள்ள வண்டிய வுட்டுட்டான். பெட்ல போட்டாங்க. டாக்டர் வந்து கைய வெச்சாரு. அவ்ளோதான். என் மடியிலதான் தலை இருந்துச்சு."

"அப்போ நான் பால் ஊத்தினது?"

"ஊர்க் கட்டு உனக்குத் தெரியாதா? வெளிய போன உசுரு, பொணமா ஊருக்குள்ள வரக் கூடாது. நேரா சுடுகாட்டுக்குத்தான் எடுத்துனு போவாங்க. பொம்பளைங்க அங்க வர முடியாது. நீ வீட்ல துணி தொவைச்சிக்கினு கீறே. அவன் மொகத்த நீ எப்பிடிப் பாப்ப? அதான் டிரைவர் கால்ல விழுந்தேன். மாஸ்க்க திரும்பக் கட்டுடா ராஜான்னேன். செத்த புள்ளைக்கு ஊரு வர்ற வரைக்கும் காத்து அடிச்சிக்கினே வந்தேன்."

நான் எழுந்து வெளிய போய் தண்ணிக் குழாய்கிட்ட நின்னேன். மொதல்ல வந்தது அழுகை இல்ல, கோவம்தான். பொணத்துக்கா பால் ஊத்தினேன்? எனக்காகக் காத்திருந்தாருன்னு நான் கும்பிட்டுக்கினு இருந்தது பொய்யா? உள்ள போய் இதைக் கேட்டுடணும்னுதான் திரும்பினேன். வாசப்படியில கால் வெச்சப்போ, பெத்த புள்ள செத்துட்டான்னு தெரிஞ்சும் அழாம, அந்தப் பையை அமுக்கிக்கினு, உசுரு கீது உசுரு கீதுன்னு கத்தினது என் கண்ணுக்குள்ள வந்துடுச்சு. எனக்காகக் காத்திருந்தது அவரு இல்ல, அத்தை. அதோட அழுகையைத்தான் அது எனக்காக நிறுத்தி வெச்சிருந்துச்சு. அப்புறம் நான் அழுதேன், நல்லா சத்தம் போட்டே அழுதேன்.

"அதான் கைநாட்டு வெக்க மாட்டேன்னேன்"ன்னுச்சு அத்தை. "நீ போவக் கூடாதுன்னு இல்ல. ஒருத்தன் ரெண்டு எடத்துல சாவ முடியாதுடி. அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில செத்தான்னு எழுதியிருந்தாங்கன்னா, விசாரணையில உன்னத்தான் புடிப்பாங்க. சொல்லிடலாம்னா, ஊருக்குத் தெரிஞ்சா கோயில் வரி கூட வாங்க மாட்டாங்க, பொணத்த உள்ள கொண்டாந்த குடும்பம்னு ஒதுக்கிடுவாங்க. இன்னா பண்றதுன்னு தெரியல."

திங்கக்கெழமை ரெண்டு பேரும் கணியம்பாடிக்குப் போனோம். அந்தச் சின்ன ஆஸ்பத்திரி இல்ல. அது இருந்த எடத்துல டைல்ஸ் கடை வந்திருந்துச்சு. அவங்க எழுதிக் குடுத்திருப்பாங்களா, இல்ல அப்படியே விட்டுட்டாங்களா? விட்டிருந்தா எங்க போய் முட்டிக்கிறது? அங்க பிறப்பு இறப்பு பதியற ஆபீஸ்ல மனு எழுதிக் குடுத்துட்டு பெஞ்சுல குந்தினோம். அத்தை என் முந்தானை நுனியைப் புடிச்சுக்கினு இருந்துச்சு. நான் அதோட கையப் புடிச்சுக்கிட்டேன்.

உள்ள இருந்த அம்மா நெடுநேரம் தேடினாங்க. வயசு ஒத்து வரலன்னாங்க. அப்புறம், ஆஸ்பத்திரியில இருந்து வந்த பதிவுங்க தனியா இருக்குது, பாக்கறேன்னாங்க. கடைசியில எங்க பக்கம் திரும்பி, "இருக்கும்மா"ன்னாங்க.

ஒரு மனுசன் செத்துட்டான்னு கேட்டு யாராவது சந்தோசப்படுவாங்களா? நான் பட்டேன். அடுத்த நிமிசமே வெக்கமா போயிடுச்சு.

"எத்தனை நகல் வேணும்?"

"ஒண்ணு போதுங்க மேடம்."

"ரெண்டு"ன்னுச்சு அத்தை.

"உனக்கு எதுக்கு அத்தை?"

"நீ அத எடுத்துக்கினு போயிடுவ. அப்புறம் எனக்கு?"

ரெண்டு நகல் வாங்கிக்கினு வெளிய வந்தோம். பஸ் ஸ்டாப்ல நிழல்ல நின்னு அத்தை அந்தக் காகிதத்தை விரிச்சுது. அதுக்குப் படிக்கத் தெரியாது. "எம் பேரு இதுல எழுதிக்கீறாங்களா?"ன்னுச்சு. விரலைப் புடிச்சு, தாயார் பெயர்னு இருந்த எடத்துல வெச்சேன். கொஞ்ச நேரம் அங்கயே வெச்சிருந்துச்சு.

"உம் பேரு எங்க?"

தேடினேன். தகப்பன் பேரு இருந்துச்சு, ஊர் இருந்துச்சு. இறந்த எடம்னு அந்த ஆஸ்பத்திரி இருந்துச்சு. என் பேரு எங்கயும் இல்ல. மனைவிக்குன்னு அதுல எடமே விடல. ரேஷன் கார்டையும் சேத்துக் காட்டினா போதும்னு கல்யாணத்துக்குப் பதியற ஆபீஸ்ல மொதல்லயே சொல்லியிருந்தாங்க, அதனால அதுக்காக நான் பதறல. ஆனாலும் காகிதத்தைத் திருப்பி பின்பக்கமும் ஒரு தடவ தேடினேன்.

"எம் பேரு இல்ல அத்தை."

அத்தை மறுபடியும் காகிதத்தை ஒரு தடவ பாத்துச்சு. நாலா மடிச்சு, ரவிக்கைக்குள்ள வெச்சுக்கிச்சு.

"அப்போ அவனும் உன்ன வுட்டுட்டான். நீ போடி"ன்னுச்சு. பஸ் வந்துச்சு, அதுதான் மொதல்ல ஏறி எனக்கும் சேத்து எடம் புடிச்சுது.