இருப்பதைக் கழித்துக் கொடுத்த கடை

நானும் என் வீட்டுக்காரரும் எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கடை வைத்திருக்கிறோம். சீசன் இல்லாத நாளில் எனக்குக் கம்ப்யூட்டர் கேம்தான் பொழுதுபோக்கு.

ஒரு நாள் ஆன்லைன் கடையில் ஐந்து கேம்களை ஒரே தொகுப்பாகத் தள்ளுபடியில் போட்டிருந்தார்கள். அதில் இரண்டு என்னிடம் ஏற்கெனவே இருந்தன. எங்கள் பட்டாசு கிஃப்ட் பாக்ஸை யாருக்காகவும் பிரிக்க மாட்டோம். இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, மிஞ்சும் இரண்டையும் நாத்தனார் செல்விக்குத் தருவதாகச் சொல்லிவிட்டேன். அவளும் ஆசையாகக் காத்திருந்தாள்.

பணம் கட்டப் போனால், இருந்த இரண்டின் விலையைக் கழித்துவிட்டு, மீதி மூன்றை அதே தள்ளுபடியில் கொடுத்தார்கள். முகம் தெரியாத எனக்கு இவ்வளவு நியாயமா என்று அசந்துபோனேன். ஆனால் செல்விக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

"என்ன மதினி, ஆசை காட்டி ஏமாத்திட்டீகளே!" என்றாள்.

"கடைக்காரக நியாயமா இருந்தா நான் என்னட்டி செய்ய?"

"அப்ப நீங்களும் அப்படி இருங்க. கம்பி மத்தாப்பு வீட்டுல கெடக்கு, அதை எடுத்துட்டு விலையைக் குறைங்கன்னு கடைக்கு வந்த ஒரு அக்கா அம்புட்டுக் கெஞ்சுனாகளே, பெட்டியைப் பிரிச்சீகளா?"

சொன்ன சொல்லுக்காக அந்த இரண்டு கேமையும் அவளுக்குத் தனியாக வாங்கிக் கொடுத்தேன். இப்போது கடைக்கு வருகிறவர்களிடம், "வீட்டுல ஏற்கெனவே என்ன வச்சிருக்கீக?" என்று கேட்டு, அதை எடுத்து, விலையையும் குறைத்துத்தான் பெட்டி கட்டுகிறேன். நம்ப முடியாமல் பில்லை இன்னொரு தரம் பார்க்கிறார்கள்.