என் அம்மாவுக்காகச் செபித்தவர்களைப் பற்றி

சகாயராஜைப் பல்கலைக்கழகத்தை விட்டே போகச் செய்தவன் நான்தான்.

விசாரணையில் நான் சொன்ன எதுவும் பொய்யில்லை. பொய் சொல்லியிருந்தாலாவது திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்... உண்மையை எப்படித் திரும்பப் பெறுவது? சொல்லுங்கள்!

நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் களங்களில் கூலி வேலை பார்க்கும் குடும்பம் எங்களுடையது. அதில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதுகலையில் சேர்ந்தபோது, வகுப்பில் எழுந்து ஒரு வரி ஆங்கிலம் படிக்கச் சொன்னால் புத்தகத்தைப் பக்கத்திலிருப்பவனிடம் தள்ளிவிடுவேன்.

சகாயராஜ் என் வகுப்பு. சேலம் நகரத்துக் கத்தோலிக்கப் பையன். அவன் அப்பா தையற்காரர். அவன்தான் என்னைத் தங்கள் செபக்குழுவுக்கு அழைத்துப் போனான். புதன்கிழமை மாலைகளில் ஒரு பழைய ஆய்வுக்கூடத்தில் கூடுவார்கள். ஆங்கில வாசகத்தை வேண்டுமென்றே என்னிடம் நீட்டுவான்.

"படிடா. தப்பாப் படிச்சா கடவுள் என்ன மார்க்கா கொறைக்கப் போறாரு?"

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கடைசியில் ஆளுக்கொரு மன்றாட்டுச் சொல்வார்கள். ஒருவர் தன் குறையை வாய்விட்டுச் சொல்ல, மற்றவர்கள் அதற்காகச் சேர்ந்து வேண்டுவார்கள். ஒரு புதன்கிழமை நானும் சொன்னேன். மஞ்சளுக்கு மெருகேற்றும் டிரம்மில் வலக்கை சிக்கி, என் அம்மா அரசு மருத்துவமனையில் கிடந்தாள்.

"அம்மா பேரு என்னடா?"

"பாவாயி."

அத்தனை பேரும் கண்மூடி அந்தப் பெயரைச் சொல்லி வேண்டினார்கள். என் அம்மாவின் பெயரை அவ்வளவு மரியாதையோடு யாரும் உச்சரித்து அதற்குமுன் நான் கேட்டதில்லை! மறுநாள் சகாயராஜ் இட்லிப் பொட்டலத்தோடு மருத்துவமனைக்கே வந்துவிட்டான். கட்டிலருகே தலைகுனிந்து நின்று வேண்டினான். "நல்லா இருப்பே சாமி" என்றாள் அம்மா.

பிறகு அந்தத் தேர்தல் வந்தது.

குழுவுக்கு ஆண்டுதோறும் ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். நான் நிற்கட்டுமா என்று கேட்டேன். அவன் தயங்கினான். "நீ எல்லாத்துக்கும் வாடா. ஆனா பொறுப்பாளர்தான் செபத்த முன்ன நின்னு நடத்தணும். அதுக்கு ஞானஸ்நானம் வாங்கியிருக்கணும். தப்பா நினைக்காத..."

சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். உள்ளே ஏதோ சுருக்கென்றது. வா, ஆனால் இதற்குமேல் வராதே! எங்கள் ஊர்க் கோயிலில் என் அப்பா எந்தப் படியோடு நின்றுகொள்வார் என்பது எனக்குத் தெரியும்.

அந்தச் சுருக்கை நான் எடுத்துக்கொண்டு போன இடம்தான் தவறு. பூபதி அண்ணனிடம் போனேன். திருச்செங்கோட்டுக்காரர், ஆராய்ச்சி மாணவர், விடுதியில் நடக்கும் ஆன்மிக மன்றத்தின் தலைவர். அதுவரை என்னை ஏறெடுத்தும் பார்க்காதவர் அன்று தன் கட்டிலில் இடம் கொடுத்தார். எல்லாவற்றையும் கொட்டினேன்... மன்றாட்டு, இட்லி, மருத்துவமனை, எல்லாவற்றையும்.

"ஏனுங்க தம்பி, பாடறதுக்கு நீங்க வேணும், பொறுப்புக்கு மட்டும் ஆவாதுங்களா? வளாகத்துல ரூம் வாங்குன எந்தக் குழுவும் சாதி, மதம் பாத்து யாரையும் ஒதுக்கக் கூடாது. பொறுப்புக்கும் அதேதான். யுனிவர்சிட்டி ரூல்ஸுங்க! பேரக் குடுங்க. மாட்டேன்னு சொல்லட்டும்."

பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒருவன் கூவினான்: "தம்பி ஃபாதர் ஆகப் போறாருடோய்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் எனக்கும் பங்கு கிடைத்ததே... அந்த மயக்கத்தை உங்களிடம் எப்படி விளக்குவேன்!

பெயர் கொடுத்தேன். மறுத்தார்கள். புகார் செய்தேன். எழுதியது பூபதி அண்ணன், கையெழுத்து என்னுடையது.

விசாரணைக் குழுவின் முன் சகாயராஜ் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். பொறுப்பு மறுக்கப்பட்டதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அதோடு முடியும் என்றிருந்தேன். முடியவில்லை; பேச்சு மதமாற்றத்துக்குத் திரும்பியது.

"உங்கள் குடும்பத்தார் பெயரைச் சொல்லிச் செபித்தார்களா?"

"ஆமாங்க ஐயா."

"மருத்துவமனைக்கே வந்தார்களா? உணவு கொடுத்தார்களா?"

"ஆமாங்க."

"அப்போது உங்கள் அம்மா எந்த நிலையில் இருந்தார்?"

"வலியில இருந்தாங்க."

சகாயராஜ் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. நான் அடுத்த வரியையும் சொல்வேன் என்று காத்திருந்தான்.

நான்தான் கேட்டேன்... என் அம்மாவுக்காக வேண்டச் சொல்லி வாய் திறந்தவன் நான்தான்! அந்த ஒரு வரி நாக்கு நுனியில் நின்றது. யாரும் கேட்கவில்லை, அதனால் நான் சொல்லவில்லை.

செபக்குழு கூடிய அறைக்குப் பூட்டு விழுந்தது. பிறகு அவன் அப்பாவின் கடை வாசலில் வண்டிகள் வந்து நிற்கத் தொடங்கின. இறங்க மாட்டார்களாம், எஞ்சினை அணைக்கவும் மாட்டார்களாம். "எத்தன பேர மாத்துனான் உங்க பையன்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்களாம். சகாயராஜ் வகுப்புக்கு வருவது நின்றது. அவன் எண் இப்போது உபயோகத்தில் இல்லை.

ஒருமுறை அந்தக் கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து பார்த்தேன்.

"தம்பி, சகாகூடப் படிச்சவரா?" என்றார் அவன் அப்பா.

"இல்லீங்க" என்றேன்.

"அப்பச் சரி, உள்ள வாங்க. அவங்கூடப் படிச்சவங்க வந்தா இப்பெல்லாம் பயமா இருக்கு."

அளவு எடுக்க டேப்பைக் கழுத்திலிருந்து உருவினார். அவசர வேலை இருக்கிறது என்று உளறிவிட்டு ஓடிவந்தேன்.

அந்த விதி தவறா? இல்லை. இன்றும் அதை நம்புகிறேன். என்னைப் போன்றவர்களை யாரும் வாசலிலேயே நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக எழுதப்பட்டது அது. அப்படியானால், பூபதி அண்ணனின் மன்றத்தில் பூசைத் தட்டை யார் தொடலாம், யார் கூடாது என்பது வாய் திறவாமலே முடிவாகிறதே... அங்கே நான் ஏன் பெயர் கொடுக்கவில்லை? அவர்கள் அன்னதானத்தில் அண்டா கழுவும் இடத்தோடு ஏன் நின்றுகொண்டேன்? எந்த இடத்தில் எனக்குத் துணிச்சல் வருகிறது, எந்த இடத்தில் வருவதில்லை... பார்த்தீர்களா!

நேற்றுப் பூபதி அண்ணன் மறுபடி கூப்பிட்டார். நூலகத்துக்குப் பின்னால் முஸ்லிம் மாணவர்களுக்குச் சிறிதாக ஓர் அறை கிடைத்திருக்கிறது.

"அடுத்தது அங்கீங்க தம்பி. நீங்கதான் அனுபவஸ்தர். சும்மா போயி ஒக்காருங்க, பழகுங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னால், என் கையெழுத்தோடு அவரிடம் இருக்கும் தாள்கள் எல்லாம் என் பக்கம் திரும்பும் என்று பயந்தேனா? அல்லது அந்தக் கட்டிலில் கிடைத்த இடம் போய்விடும் என்றா? எதுவென்று எனக்கே தெரியவில்லை. "போயிட்டு வாரனுங்க" என்றேன்.

இன்று போனேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றேன். முதலாண்டுப் பையன் ஒருவன் எழுந்து வந்து, "உள்ள வாங்கண்ணா, ஏன் வெளியவே நிக்கறீங்க?" என்றான். பெயரைக்கூடக் கேட்கவில்லை. பாயில் நகர்ந்து எனக்கு இடம் விட்டான்.

நான் உட்கார்ந்தேன்.